தோளில் இருந்த காயம் தாளில் இல்லை: ஒரு படைவீரரின் பணிப்பதிவைத் திருத்திய விவரம்

என் மாமனார் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். 1967 ஜூனில் கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டார். அந்த நவம்பரில் வியட்நாம் போனார், 1968 நவம்பரில் திரும்பினார், 1969 ஜூனில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து அந்த வீட்டு மருமகளான எனக்கு, அவர் போருக்குப் போனவர் என்று தெரியவே சில வருடங்கள் ஆயின.

2021-இல், 74 வயதில், தேசியப் படைவீரர் கல்லறையில் தனக்கு இடம் உண்டா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். அதோடு இணைக்க டிடி-214 என்ற பணிவிடுவிப்புச் சான்றை எடுத்து வந்தார். ஒவ்வொரு அமெரிக்கப் படைவீரருக்கும் ஆதாரத் தாள் இதுதான். ஓய்வூதியம், மருத்துவம், வீட்டுக்கடன், கடைசியில் கல்லறைக் கல் வரை எல்லாம் இதை வைத்துத்தான். கல்லில் விருதின் பெயரைப் பொறிக்கவும் ஆதாரம் கேட்பார்கள்.

அவருடைய தாளில் விருதுகளுக்கான 24-ஆம் கட்டத்தில் இரண்டே வரி இருந்தது. தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, தோளில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது?" என்று கேட்டார். மோர்ட்டார் குண்டுச் சிதறல் என்றார் மாமனார். எதிரியின் தாக்குதலில் காயப்பட்டவருக்குத் தருவது பர்ப்பிள் ஹார்ட். அது தாளில் இல்லை. "கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை" என்றார்.

அன்றிலிருந்து கடைசித் திருத்தம் கைக்கு வரும்வரை ஏறக்குறைய மூன்று வருடம் ஆயிற்று. அதில் நாங்கள் செய்ததையும், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். வீட்டில் இப்படி ஒரு தாளை வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கும்.

முழுக் கோப்பைக் கேட்டு வாங்குவது

முதல் வேலை, படிவம் 180-ஐ நிரப்பிச் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் பதிவு மையத்துக்கு அனுப்புவது. அந்த வேலையை இணையம் வழியாகவும் செய்யலாம். டிடி-214-இன் பிரதி மட்டும் போதும் என்று கேட்டுவிடக் கூடாது. முழுப் பணிக்கோப்பும் மருத்துவப் பதிவுகளும் வேண்டும் என்று எழுத வேண்டும். வீரர் உயிரோடிருந்தால் அவர் கையெழுத்து வேண்டும். இறந்திருந்தால் மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் கேட்கலாம். விடுவிப்பு நடந்து 62 ஆண்டுகள் ஆகிவிட்டால் கோப்பு பொது ஆவணமாகிவிடும், யாரும் கேட்கலாம்.

இங்கே ஒரு பயம் இருந்தது. 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பெரிய தீ. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தன. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் வீரர்களின் குடும்பங்களுக்கு முதல் பதில் பெரும்பாலும் "தீயில் எரிந்துவிட்டது" என்றுதான் வரும். மாமனார் 1969-இல் வெளியே வந்தவர், அவர் கோப்பு தப்பியிருந்தது.

கோப்பில் எங்களுக்கு மிக முக்கியமாக இருந்தது டிஏ படிவம் 20 என்ற தடித்த அட்டை. ஒரு வீரர் எங்கெங்கே வேலை பார்த்தார், நடத்தைக்கும் திறமைக்கும் என்ன மதிப்பீடு, என்ன காயம், என்ன விருது, எல்லாம் அதில் இருக்கும். அவருடைய அட்டையில் 41-ஆம் கட்டத்தில், விருதுகளுக்குக் கீழே, காலாட்படைப் போர்வீரர் சின்னம் ஆணை எண்ணோடு பதிவாகியிருந்தது. டிடி-214-ஐத் தட்டச்சு செய்தவர் அதை விட்டுவிட்டார். காயங்களுக்கான 40-ஆம் கட்டமோ காலியாக இருந்தது.

இந்த அட்டையையும் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், விடுபட்ட விருதுகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை என்று எனக்குப் புரிந்தது. கோப்பிலேயே இருந்தும் சான்றில் ஏறாதது ஒரு ரகம். தேதிகளை வைத்தே கணக்குப் போட்டுச் சேர்க்கக்கூடியது இன்னொன்று. வியட்நாம் சேவைப் பதக்கத்தின் பட்டியில், பங்கேற்ற ஒவ்வொரு போர்க்கட்டத்துக்கும் ஒரு வெண்கல நட்சத்திரச் சின்னம் உண்டு. மாமனார் அங்கிருந்த ஒரு வருடத்துக்குள் ஐந்து கட்டங்கள் வருகின்றன. மூன்றாம் கட்ட எதிர்த்தாக்குதல், 1968 ஜனவரி 30-இல் தொடங்கிய தெட் எதிர்த்தாக்குதல், பிறகு நான்காம், ஐந்தாம் கட்டங்கள். கடைசியாக நவம்பர் 2-இல் தொடங்கிய ஆறாம் கட்டம், அதில் அவர் பத்தே நாள்தான் இருந்தார். ஆனாலும் அது கணக்கில் சேரும். ஐந்து வெண்கலத்துக்குப் பதில் ஒரு வெள்ளி நட்சத்திரச் சின்னம். வீரச்செயலுக்குத் தரும் சில்வர் ஸ்டார் பதக்கம் முற்றிலும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பெருமைப்படும் குடும்பங்களும் உண்டு, அதனால் சொல்கிறேன்.

அதேபோல் அன்றைய தென்வியட்நாம் அரசு தந்த போர்ப் பதக்கம். அங்கே ஆறு மாதம் இருந்தாலே தகுதி. அவர் ஒரு வருடம் இருந்தார், ஆனாலும் விடுபட்டிருந்தது.

மூன்றாவது ரகத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. விடுவிப்புக்குப் பிறகு அறிவிக்கப்பட்டவை. வியட்நாமில் பணியாற்றிய தரைப்படையினர் அனைவருக்கும் பொருந்தும்படி, தனி ஆளுக்கு அல்லாமல் படைப்பிரிவு முழுவதற்கும் தரும் பாராட்டான, பனையோலைச் சின்னத்தோடு கூடிய வியட்நாம் வீரச்சிலுவை அலகுப் பாராட்டை அமெரிக்கத் தரைப்படை 1974-இல் தன் பொது ஆணை எண் 8 மூலம் உறுதி செய்தது. 1969-இல் தட்டச்சு செய்த தாளில் அது எப்படி இருக்கும்? யார் தவறும் இல்லை. இருந்தும் அது அவருக்கு உரியது, யாராவது கேட்டால்தான் ஏறும். கொரியப் போர் வீரர்களின் நிலையும் இதுதான். தென்கொரியா 1951-இலேயே தர முன்வந்த போர்ச்சேவைப் பதக்கத்தை அமெரிக்கா ஏற்றது 1999-இல். அதற்குள் பலர் காலமாகிவிட்டார்கள்.

நான்காவது ரகம், நடந்தது உண்மை, ஆனால் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. பர்ப்பிள் ஹார்ட் அங்கேதான் நின்றது.

ஐந்தாவதும் ஒன்று உண்டு. அவருடைய பிளாட்டூன் அதிகாரி, "உன் பெயரை வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கு எழுதப் போகிறேன்" என்று ஒருமுறை சொன்னாராம். எழுதினாரா என்று யாருக்கும் தெரியாது. பரிந்துரையே இல்லாத விருதைப் பதிவுத் திருத்தமாகக் கேட்க முடியாது. அதற்குத் தனி வழி. காலம் கடந்த பரிந்துரையை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் மூலமாகப் படைத்துறைக்கு அனுப்ப வேண்டும். பழைய நண்பர் ஒருவர் மாமனாரிடம், காலாட்படைப் போர்வீரர் சின்னம் இருந்தால் வெண்கல நட்சத்திரப் பதக்கம் தானாகவே வரும் என்று சொல்லியிருந்தார். அது இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு. இந்த ஐந்தாவதைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தோம். உறுதியான கோரிக்கையோடு உறுதியில்லாததைக் கலந்தால் இரண்டுமே பலவீனப்படும் என்று எனக்குத் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் பதில்

தெளிவாக ஆதாரம் உள்ளவற்றுக்குப் பதிவுத் திருத்த வாரியம் வரை போக வேண்டியதில்லை. நிர்வாக முறையிலேயே திருத்திவிடுவார்கள். திருத்தம் டிடி-215 என்ற தனித் தாளாக வரும். பழைய 214-ஐ மாற்றித் தரமாட்டார்கள். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது பாதி.

எங்கள் விண்ணப்பத்துக்கு எட்டு மாதத்தில் பதில் வந்தது. போர்வீரர் சின்னம், வெள்ளி நட்சத்திரச் சின்னம், போர்ப் பதக்கம், அலகுப் பாராட்டு எல்லாம் சேர்ந்துவிட்டன. பர்ப்பிள் ஹார்ட்டுக்கு மட்டும், போதிய ஆதாரம் இல்லை என்று இரண்டு வரி.

மாமனார் அதோடு விட்டுவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இரண்டு வரியைப் பல தடவை படித்தேன். நடக்கவில்லை என்று அதில் எங்கும் சொல்லவில்லை. தாள் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் தாளைத் தேட வேண்டும்.

தாள் போன வழி

பர்ப்பிள் ஹார்ட்டுக்கு மூன்றை நிறுவ வேண்டும். காயம் எதிரியின் செயலால் வந்தது, மருத்துவ அலுவலரின் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை அதிகாரபூர்வப் பதிவில் இருக்கிறது. மூன்றாவதில்தான் பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுகின்றன.

எங்களிடம் இருந்த ஒரே மருத்துவத் தாள், விடுவிப்புக்கு முன் செய்த உடல் பரிசோதனை அறிக்கை. இடது தோளில் தழும்பு என்று அதில் இருந்தது. எப்படி வந்தது என்று இல்லை. மரத்திலிருந்து விழுந்தாலும் தழும்பு வரும் அல்லவா?

அப்புறம் அவருடைய தங்கை ஒரு ஷூ பெட்டியைக் கொடுத்தனுப்பினார். அண்ணன் எழுதிய கடிதங்களை அம்மா சேர்த்து வைத்திருந்த பெட்டி. வியட்நாமில் இருந்த வீரர்கள் தபால்தலை ஒட்ட வேண்டாம், அந்த இடத்தில் 'ஃப்ரீ' என்று கையால் எழுதினால் போதும். அப்படியொரு உறையில், அனுப்புநர் முகவரியாக ஒரு களமருத்துவமனையின் பெயர். தபால் முத்திரை 1968 பிப்ரவரி. உள்ளே, "கையில் சின்ன அடி, கவலைப்படாதே அம்மா" என்று நாலு வரி. தோள் என்றுகூட எழுதவில்லை, அம்மா பயப்படுவார் என்று.

அந்த உறைதான் தேடலின் திசையை மாற்றியது. அதுவரை அவருடைய கோப்பிலேயே துழாவிக்கொண்டிருந்தோம். ஒரு வீரர் காயப்பட்டால் அது ஒரே இடத்திலா பதிவாகும்? அவருடைய கம்பெனி, அதாவது அவர் இருந்த படைப்பிரிவு, அன்றைய ஆள்கணக்கில் எழுதும். மருத்துவமனை தன் கணக்கில் எழுதும். விருது ஆணையில் ஒரு பிரதி வீரருக்கு, ஒன்று அவர் கோப்புக்கு, ஒன்று ஆணையிட்ட அலுவலகத்தின் அடுக்குக்கு. கோப்புக்குப் போனது தொலைந்திருந்தால் மற்றவை எங்கே?

கம்பெனியின் அன்றாட ஆள்கணக்குக்கு மார்னிங் ரிப்போர்ட் என்று பெயர். யார் வந்தார், யார் போனார், யார் மருத்துவமனையில் என்று தினமும் எழுதுவது. அதுவும் செயின்ட் லூயிஸில்தான் இருக்கிறது. தேதி குறுகலாகத் தெரிந்தால்தான் தேட முடியும். எங்களுக்கு உறை இருந்தது. அந்த வாரத்துக்கான பக்கங்களைக் கேட்டோம். சரியான பெயர், சரியான பணி எண், பணியிலிருந்து மருத்துவமனைக்கு என்று ஒரு வரி. பன்னிரண்டு நாள் கழித்து, மருத்துவமனையிலிருந்து பணிக்கு என்று இன்னொரு வரி. ஏன் போனார் என்று இல்லை. அந்த இரண்டு வரியை மாமனாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

மருத்துவமனை பிறப்பித்த விருது ஆணைகள் வேறிடத்தில். வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைகளின் ஆவணங்கள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில், தேசிய ஆவணக் காப்பகத்தில், 472-ஆம் ஆவணத் தொகுதியாக இருக்கின்றன. நானும் கணவரும் போனோம். ஆய்வாளர் அட்டை வாங்கி, பேனாவை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு உள்ளே போய், தள்ளுவண்டியில் வரும் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மதியம் கணவர் என் கையைத் தட்டினார். ஒன்பது பேருக்குப் பர்ப்பிள் ஹார்ட் வழங்கும் ஆணை. தேதி சரி, கம்பெனி சரி, முதல் பெயர் சரி. குடும்பப்பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. பணி எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

எதிரி பெரிய அளவில் நடத்திய தெட் தாக்குதலின் அந்த வாரங்களில் அந்த மருத்துவமனைகளுக்குள் எத்தனை ஸ்ட்ரெச்சர்கள் வந்திருக்கும்! தட்டச்சு செய்த அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பிழையின் விளைவு பெரியது. 1969 ஜூலையில்தான் தரைப்படை சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது. அதற்கு முன் பணி எண்தான் ஆளின் அடையாளம். அந்த எண்ணுக்கு உரியவர் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. பிரதி எந்தக் கோப்பிலும் சேராமல் போயிருக்கிறது. சரியான பெயரையும் எண்ணையும் வைத்துத் தேடியவர்களுக்குக் கிடைக்காததும் இதனால்தான்.

வாரியத்துக்கு எழுதிய மனு

இந்த ஆணையை மறுபடி நிர்வாக அலுவலகத்துக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் பெயரும் எண்ணும் பொருந்தாத தாளை ஏற்பதா வேண்டாமா என்பது எழுத்தர் முடிவெடுக்கும் விஷயம் இல்லை, தீர்ப்பு சொல்ல வேண்டிய விஷயம். அதனால் படிவம் 149-இல் தரைப்படைப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு மனுச் செய்தோம். இந்த வாரியத்தில் தீர்ப்பு சொல்பவர்கள் சிவிலியன்கள். 1946-க்கு முன்னால் இப்படி ஒரு பிழையைத் திருத்த, அந்த ஒரு வீரருக்காகக் காங்கிரஸில் தனி மசோதாவே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இறக்கி வைக்க வந்த ஏற்பாடு இது.

பிழை தெரிய வந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமதமானால் நீதியின் பொருட்டு அதை மன்னிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. எங்கள் விஷயத்தில் 2021-இல்தான் தெரிய வந்தது என்று தெளிவாக எழுதினோம்.

நான் முதலில் எழுதியது நான்கு பக்கம். அவர் எப்படிப்பட்ட மனிதர், எப்படி வாய் திறக்காமல் வாழ்ந்தார் என்றெல்லாம். மாவட்டப் படைவீரர் சேவை அலுவலர் ஒருவர் இலவசமாக உதவினார். அவர் படித்துவிட்டு, "இதில் நீங்கள் கேட்பது எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கினேன். முதல் வாக்கியத்திலேயே, 24-ஆம் கட்டத்தில் பர்ப்பிள் ஹார்ட் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன்.

பதிவுகளைப் படை ஒழுங்காகவே பராமரித்திருக்கிறது என்ற அனுமானத்தில்தான் வாரியம் தொடங்கும். அப்படி இல்லை என்று ஆதாரத்தின் எடையால் காட்டுவது மனுதாரர் பொறுப்பு. எங்களிடம் இருந்த எதுவும் தனியாக நின்றால் போதாது. ஆணையில் காரணம் இருக்கிறது, ஆள் சந்தேகம். மார்னிங் ரிப்போர்ட்டில் ஆள் இருக்கிறார், காரணம் இல்லை. உறையில் மருத்துவமனையும் மாதமும் இருக்கின்றன, காயம் சின்ன அடியாகிவிட்டது. பரிசோதனை அறிக்கையில் தழும்பு இருக்கிறது, தேதி இல்லை. ஆகவே ஒவ்வொன்றும் அடுத்ததன் எந்த ஓட்டையை அடைக்கிறது என்று வரிசையாக எழுதினேன். அந்தப் பெயரிலோ அந்த எண்ணிலோ வேறு யாரும் அந்த மாதக் கம்பெனிக் கணக்கில் இல்லை என்பதையும் காட்டினேன். மனுவின் உயிர் அந்தப் பத்திதான் என்று நினைக்கிறேன்.

அதோடு ஒரு சாட்சி வாக்குமூலம். டிவிஷனின் பழைய வீரர்கள் சங்கம் மூலமாக, அன்று பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவர் கிடைத்தார். அவர் முதலில் எழுதி அனுப்பியதில், "என் வாழ்க்கையில் பார்த்த மிகத் துணிச்சலான ஆள்" என்று இருந்தது. அன்பாக எழுதியதுதான், ஆனால் சாட்சியம் ஆகாது. எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள், யார் கட்டுப் போட்டார், எப்படித் தூக்கிப் போனார்கள், இவற்றை மட்டும் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். இரண்டாவது தடவை வந்தது அரைப் பக்கம். அதைப் படித்துத்தான், சிதறல் பட்ட பிறகும் மாமனார் இன்னொருவரை இழுத்துக்கொண்டு வந்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

சாட்சிகள் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். கென்டக்கியின் கார்லின் கானர் 1945 ஜனவரி 24 அன்று பிரான்சில் ஹூசன் அருகே காட்டிய வீரத்துக்கு, அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவிருதான மெடல் ஆஃப் ஹானர் வந்தது 2018 ஜூன் மாதம். அவர் 1998-லேயே இறந்துவிட்டார். வாரியத்தின் மறுப்பு, காலவரம்பு தாண்டியதென்று நீதிமன்றத்தில் தோல்வி, எல்லாவற்றையும் தாண்டி அவர் மனைவி பாலின் அதை வாங்கினார். கானருக்கு ஏற்கெனவே இருந்த விருதை உயர்த்துவது பற்றிய வழக்கு அது, எங்களுடையதைவிடப் பெரியது. ஆனாலும் மனு எழுதிய நாட்களில் அந்த அம்மாள்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தார்.

முடிவு

இப்படிப்பட்ட மனுக்களில் 90 சதவீதத்தைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் பதினெட்டு மாதம் தாண்டாமலும் முடிக்க வேண்டும் என்று சட்டம். எங்களுக்குப் பதினொரு மாதம். ஆணையில் இருப்பவரும் மனுதாரரும் ஒருவரே என்று வாரியம் ஏற்றது. பர்ப்பிள் ஹார்ட் சேர்ந்தது.

நன்னடத்தைப் பதக்கத்தையும் நானாகவே மனுவில் சேர்த்திருந்தேன். அது மறுக்கப்பட்டது. ஊர் திரும்பிய பிறகு விடுப்பு முடிந்து மூன்று நாள் தாமதமாக வந்ததற்குத் தண்டனை, அதனால் நடத்தை மதிப்பீடு ஓர் இடத்தில் ஒரு படி குறைவு. எனக்கு வருத்தம். மாமனாருக்கு இல்லை. "தாமதமாக வந்தது நான்தானே, அது சரியாகத்தான் இருக்கிறது" என்றார். அந்தத் தண்டனைத் தாளை முன்பே கவனித்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். அது என் கவனக்குறைவு.

பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்கள் படைவீரர் மருத்துவத்தில் மூன்றாம் முன்னுரிமைப் பிரிவுக்கு வருவார்கள். புதிய தாளைக் காட்டியதும் அவரையும் அதில் சேர்த்தார்கள். கல்லறை அலுவலகத்துக்கு 214-ஐயும் இரண்டு 215-களையும் சேர்த்து ஒரே உறையில் அனுப்பினோம். அசல்களைத் தங்கையின் ஷூ பெட்டியில், அந்த உறைக்கு மேலே வைத்திருக்கிறார்.

வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்குத் தனியாக முயலலாமா என்று அவரிடம் கேட்டேன். அந்த அதிகாரி உயிரோடிருந்தால் அவர் சொல்லட்டும் என்றார், அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் வாக்குமூலம் தந்த நண்பரின் டிடி-214-ஐ ஒருமுறை அனுப்பச் சொல்லிக் கேட்டார். அதிலும் 24-ஆம் கட்டத்தில் இரண்டே வரி. போன வாரம் மாமனாரே உட்கார்ந்து படிவம் 180-ஐ நிரப்பி, கையெழுத்துக்காக நண்பருக்கு அனுப்பியிருக்கிறார்.